உண்ட மயக்கத்தில் நகர்ந்த வீடுகள்

நாரைத்தாங்கல் நகரில் வீடுகள் நகரத் தொடங்கிய வருஷத்தில் முதலில் நகர்ந்தது மூன்றாம் குறுக்குத் தெரு ஞானப்பிரகாசம் வாத்தியாருடைய வீடு. பங்குனி வெயிலில், வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமுமாகச் சாப்பிட்டுவிட்டு மின்விசிறிக்கு நேர் கீழே துண்டை விரித்துப் படுத்தவர், எழுந்து டீ குடிக்கப் போகலாமென்று கதவைத் திறந்தபோது, எதிரில் இருக்க வேண்டிய பிள்ளையார் கோயில் மதில் இல்லை, மாவு மில் இருந்தது. உள்ளே போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தார். அப்போதும் மாவு மில்தான் இருந்தது. தலை, புருவமெல்லாம் வெள்ளையாக வெளியே வந்த மில்காரர், "என்ன சார், இந்தப் பக்கம் வந்துட்டீங்க?" என்றார். "வந்துட்டேன் போலிருக்கு" என்ற வாத்தியார், வந்ததுதான் வந்தோமென்று கோதுமை டப்பாவை எடுத்துவந்து அரைக்கக் கொடுத்தார்.

அதற்கப்புறம் தெருவுக்கு இரண்டு, மூன்று என்று வீடுகள் நகர்ந்தன. காலையில் நகராது, ராத்திரியில் நகராது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊர் அசந்து கிடக்கிற நேரத்தில்தான் நகரும். வாசற்படியையும் துளசிச் செடியையும் செருப்பு ஸ்டாண்டையும் கூட்டிக்கொண்டு போகும். மதிலையும் கேட்டையும் கிணற்றையும் விட்டுவிட்டுப் போகும். மின்கம்பியும் குடிதண்ணீர்க் குழாயும் எவ்வளவு தூரமானாலும் நீண்டு, தாய்ப்பசுவின் பின்னால் கன்று வருவதுபோலக் கூடவே வரும். உள்ளே மேசைமேல் இருக்கிற டம்ளர் தண்ணீர் தளும்பாது. வீடு போவதை முதலில் கண்ணால் பார்த்தவர் சைக்கிளில் குல்ஃபி விற்க வந்த ஆள்தான். "எருமை போற மாதிரிதாங்க போச்சு. நான் வண்டியை ஓரங்கட்டி வழிவிட்டேன்" என்றார். பால் போடுகிற குப்புசாமி இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: "பேரே நகர்னு வெச்சிருக்கீங்க. நகராம என்ன செய்யும்?"

வீட்டுக்குள் ஒருவராவது விழித்திருந்தால் அந்த வீடு நகராது என்பதை ஜனங்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். பூட்டிக் கிடந்த வீடும் நகரவில்லை. அதற்கு உள்ளே ஆள் வேண்டியிருந்தது, அந்த ஆள் தூங்க வேண்டியிருந்தது. முதல் குறுக்குத் தெரு பஞ்சாட்சரத்தின் வீடு மாதக்கணக்காக அசையவில்லையென்றால் அதற்குக் காரணம் அவருடைய மருமகள் கூடத்தில் நாலு தையல் மெஷினைப் போட்டு மதியமெல்லாம் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்ததுதான். மற்ற வீடுகளில் யார் விழித்திருப்பது? சாப்பிட்டால் கண் சொக்கத்தானே செய்யும்? காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் தெருமுனையில் நின்று பெயரைச் சொல்லிக் கூவினார். யார் வீடு எங்கே இருந்ததோ அங்கேயிருந்து பதில் குரல் வந்தது. கல்யாணப் பத்திரிகையில் மணமகள் இல்லம் என்று போட்டு, அதற்குக் கீழே, அன்றைக்கு எங்கிருக்கிறதோ அங்கே என்று அச்சடித்தார்கள். ஏரிக்காற்று வருகிற இடத்துக்கு வீடு வந்துவிட்டதென்று வாடகையைக் கூட்டிய ஒருவரிடம், குடியிருந்தவர், "நாளைக்கு மீன் மார்க்கெட் பின்னாடி போய் நின்னா குறைப்பீங்களா?" என்று கேட்டு வாயை அடைத்தார். ஆடி மாதம் அம்மன் வீதியுலா புறப்பட்டபோது, தேர் போகிற வழியில் இல்லாத வீடுகளெல்லாம் மறுநாள் மதியமே கோயில் வாசலில் வந்து நின்றன.

ஆனால் யாருக்கும் மனசு ஒரு நிலையில் இல்லை. மதியத் தூக்கத்திலிருந்து எழுந்த ஒவ்வொருவரும் முகம்கூடக் கழுவாமல் முதலில் கதவுக்கு ஓடினார்கள். இன்றைக்கு எதிரில் யார், பக்கத்தில் யார், சன்னலைத் திறக்கலாமா கூடாதா என்று பார்த்தார்கள். சண்டை போட்டவர்கள் சண்டையை முடிப்பதற்குள் வேறு தெருவுக்குப் போய்விட்டார்கள். முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர்கள் திடீரென்று ஒரே கொடியில் துணி காயப்போட வேண்டியதாயிற்று. எங்கே உட்கார்ந்தாலும் எழுந்துவிட வேண்டும்போல, எங்கே நின்றாலும் யாரோ கூப்பிடுவதுபோல, ஊரே ஒரு பதைப்பில் இருந்தது.

இந்தப் பதைப்பு வேறு யாரையும்விடத் தெய்வநாயகத்தைத்தான் அதிகமாகப் பிடித்துக்கொண்டது. அவர்தான் நகர் நலச் சங்கத்தின் செயலாளர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர், இரண்டாம் குறுக்குத் தெருவில் மாடி இல்லாத, சுத்தமான வீடு. இந்த நகருக்கு முதல் பஸ்ஸைக் கொண்டுவந்ததும், தெருவிளக்கு போட வைத்ததும், மழைநீர் வடிகால் வெட்ட வைத்ததும் அவர் அலைந்த அலைச்சல்தான்.

நகர் உண்டாவதற்கு முன்னால் அங்கே தாங்கல் என்று ஊரார் சொல்லும் ஏரியும், அதன் கரையும், கரைக்குக் கீழே நெல் வயலும் மட்டும்தான் இருந்தன. கரைமேல் சில குடும்பத்தார், மதகைத் திறந்து மூடுவதும் மீன் பிடிப்பதுமாக இருந்தார்கள். சைக்கிள் செயின் கம்பெனித் தொழிலாளர்கள் சேர்ந்து வயலை வாங்கி மனை போட்டபோது, கிணறு தோண்டியதும் செங்கல் சுமந்ததும் அந்தக் கரைக்காரர்கள்தான். முதலில் குடிவந்தவர்கள் குடித்ததும் அவர்கள் வீட்டுப் பானைத் தண்ணீர்தான். பிறகு நகர் வளர்ந்தது, வடிகால் வந்தது, வடிகால் போய்த் தாங்கலில் விழுந்தது, தாங்கல் நாறியது, தாங்கல் பக்கத்துச் சன்னல்களை எல்லோரும் மூடிவைத்தார்கள். ஒரு பெரிய மழை வருஷத்தில் கரை உடைந்து நகருக்குள் தண்ணீர் புகுந்தபோது, கரைமேல் இருந்த ஏகாம்பரமும் அவர் மனைவி தேசம்மாவும் பரிசலைத் தள்ளிக்கொண்டு வந்து மொட்டை மாடிகளிலிருந்து ஆட்களை இறக்கிப் போனார்கள். தெய்வநாயகமும் அவர் மனைவி இந்திராணியும் அந்தப் பரிசலில் போனவர்கள்தான். தண்ணீர் வடிந்த பிறகு சங்கம் கூடி, வெள்ளத்துக்குக் காரணம் கரைமேல் இருக்கிற ஆக்கிரமிப்பு என்று முடிவு செய்தது. தெய்வநாயகம் மனு எழுதினார். தனக்குத் தப்பென்று தெரிந்த ஒரு வேலையைச் செய்வதாக அவர் நினைக்கவில்லை. கரையைச் சுத்தம் செய்து நடைபாதை போட்டால் எல்லோருக்கும் நல்லதென்றுதான் வருஷக்கணக்காக அலுவலகங்களில் ஏறி இறங்கினார். கடைசியில் உத்தரவும் வாங்கிவிட்டார்: மழைக்கு முன்னால், கரைமேலும் கரைக்கு உள்ளேயும் நிற்கிற கட்டடம் எதுவானாலும் இடிக்கப்படும்.

உத்தரவு வந்த மாதத்தில்தான் அவர் வீடு நகர ஆரம்பித்தது. ஒரு மதியம் தெருக்கோடிக்குப் போயிற்று. இன்னொரு மதியம் ரேஷன் கடைக்குப் பின்னால் நின்றது. அடுத்த வாரம் அவர் எழுந்து கதவைத் திறந்தபோது, எதிரில் பிளந்து காய்ந்த சேறும், தூரத்தில் கொஞ்சம் தண்ணீரும், தண்ணீரில் ஒற்றைக்காலில் நிற்கிற நாரைகளும் தெரிந்தன. கரையை அது எப்படி ஏறி இறங்கியதென்று யாரும் பார்க்கவில்லை. அவர் வீடு தாங்கலுக்குள் இருந்தது. இந்திராணி அவருக்குப் பின்னால் வந்து நின்று, அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அட" என்றாள்.

தெய்வநாயகம் செருப்பை மாட்டிக்கொண்டு கரையேறித் தன் மனைக்கு ஓடினார். அவருடைய கேட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில், அவருடைய கருவேப்பிலை மரத்தில் உரசிக்கொண்டு, கரைமேல் இருந்த தேசம்மாவின் தகரக் கூரை வீடு நின்றிருந்தது. தேசம்மா கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள்.

"இது என் மனை" என்றார்.

"தெரியும் சார். கேட்ல உங்க பேரு எய்தியிருக்குதே."

"அப்புறம்?"

"வூடு தானா வந்துச்சு சார். நான் இன்னா, தோள்மேல தூக்கிக்கினா வந்தேன்? மத்தியானம் கொஞ்சம் கண்ணசந்தேன், எய்ந்து பாக்கறேன், இங்க நிக்குது." அவள் வாளியைத் திண்டின்மேல் வைத்தாள். "வெயில்ல ஓடியாந்திருக்கீங்க. மொதல்ல தண்ணி குடிங்க."

அவர் தன் கிணற்றுத் தண்ணீரை அவள் டம்ளரில் வாங்கிக் குடித்தார். நன்றி சொல்வதா கூடாதா என்று தெரியாமல் திரும்பி நடந்தார்.

அவர் வீட்டைப் போலவே வேறு சில வீடுகளும் கரைக்கு உள்ளே போயிருந்தன, ஆனால் அவையெல்லாம் நாலைந்து நாளில் திரும்பிவிட்டன. அளக்க வந்த பெண் அதிகாரி சிவப்புப் பெயின்ட் டப்பாவோடு சேற்றில் இறங்கி நடந்து வந்த நாளில், அங்கே அவர் வீடு ஒன்றுதான் நின்றது. அவள் சுவரில் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டாள்.

"மேடம், மனு கொடுத்ததே நான்தான்" என்றார் தெய்வநாயகம்.

"தெரியுது சார். கையெழுத்து தெளிவா இருக்கு. கரைக்கு உள்ள எது நின்னாலும்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க."

"இது பட்டா வீடு மேடம்."

"பட்டா அங்க இருக்கு சார், வீடு இங்க இருக்கு. எனக்கு வீட்டைத்தான் இடிக்கச் சொல்லியிருக்காங்க." அவள் குரலில் கடுமை இல்லை. "புரட்டாசிக் கடைசி வரைக்கும் நேரம் இருக்கு. அதுக்குள்ள எப்படியாவது நகர்த்திக்குங்க."

சங்கம் கூடியது. பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று தெய்வநாயகம் நினைத்திருந்தார். பஞ்சாட்சரம் எழுந்து, செயலாளர் கரைக்கு உள்ளே இருப்பது சட்டப்படி சரியாக இருக்காது, அதனால் பொறுப்பைத் தானே ஏற்பதாகச் சொன்னார். "எல்லாருக்கும் ஒரே சட்டம்தானே? நீங்க சொன்னதுதானே சார்?" என்றார். தெய்வநாயகம் அதற்குப் பதில் சொல்ல எழுந்தார், சொல்லாமல் உட்கார்ந்தார், மறுபடி எழுந்து வெளியே போய்விட்டார்.

வீட்டை இழுக்க டிராக்டர் கூட்டிவந்து பார்த்தார். வடம்தான் அறுந்தது. தூங்கினால்தான் போகும் என்று தெரியாதவரா அவர்? முப்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளிலும், ஓய்வுபெற்ற பிறகு எல்லாக் கிழமைகளிலும், இலையைவிட்டு எழுந்த கையோடு குறட்டைவிட்டவருக்கு இப்போது தூக்கம் வரவில்லை. மோர்சாதம் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். கசகசா அரைத்துக் குடித்தார். இடப்பக்கம் படுத்தார், வலப்பக்கம் படுத்தார், எழுந்து போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார், திரும்பி வந்து படுத்தார். கண்ணை மூடினால் சிவப்புப் பெருக்கல் குறி தெரிந்தது. அதே நேரத்தில் கரைக்கு அந்தப் பக்கம் தேசம்மா தூங்காமல் இருக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாள். கண் அசந்தால் வீடு எங்கே போகுமோ, கரைக்குப் போனால் இடிக்கிற இயந்திரம் வரும். ஏகாம்பரம் கொத்து வேலைக்குப் போய்விடுவார், மகள் காலேஜுக்குப் போய்விடுவாள், மதியத்தில் அவள் ஒருத்திதான். ரேடியோவை அலறவிட்டாள். வெற்றிலையைக் குதப்பினாள். பச்சை மிளகாயைக் கடித்தாள். கிணற்றடியில் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரப் புடவையோடு வாசற்படியில் உட்கார்ந்தாள். இப்படி ஒருத்தர் தூக்கம் வரவில்லையென்றும் இன்னொருத்தர் தூக்கம் வந்துவிடுகிறதென்றும் தவிக்க, ஆவணி போயிற்று, புரட்டாசியும் பாதி போயிற்று.

ஒரு மதியம் தெய்வநாயகத்துக்கு உண்மையிலேயே தூக்கம் வந்தது. ஆழமான, கனவில்லாத தூக்கம். எழுந்ததும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். நாரைகள் நின்றன. வீடு ஓர் அடிகூட நகரவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். இந்திராணி சன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காற்றில் முடி பறக்க, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ தூங்கலையா?"

"இல்ல."

"எத்தனை நாளா?"

அவர் எதிரில் வந்து நின்றார். "இந்திராணி, நீ முழிச்சிட்டிருந்தா வீடு போகாது. உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"வேணும்னேதான் முழிச்சிட்டிருக்கியா?"

"ஆமாங்க."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "தேசம்மாவுக்காகவா? நம்ம வீடு திரும்பினா அவ கரைக்குப் போகணுமேன்னா?"

"அப்படிச் சொன்னா எனக்கும் நல்லாத்தான் இருக்கும்." அவள் கையைப் பிசைந்தாள். "அவளை நினைச்சா கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அதுக்காக இல்ல. அந்த வீட்ல, அந்தத் தெருவில, காலைல எழுந்தா மதில், சாயங்காலம் மதில். நீங்க எல்லாத்துக்கும் வெளியே போனீங்க, பஸ்ஸுக்கு, லைட்டுக்கு, மீட்டிங்குக்கு. நான் மதிலைப் பாத்துட்டு இருந்தேன். இங்க வந்து கதவைத் திறந்த அன்னைக்கு எனக்கு என்னமோ மூச்சு விட முடிஞ்சுது. இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போலாம்னு பாத்தேன். அவ்வளவுதான்."

"இடிச்சுடுவாங்களே."

"இடிக்கட்டும்னு நினைக்கலை. நாளைக்குத் தூங்கலாம், நாளைக்குத் தூங்கலாம்னு இருந்துட்டேன். இப்ப நிஜமாவே தூக்கம் வரமாட்டேங்குது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எப்ப சொல்றது? நீங்க ஒரு இடத்தில நின்னாத்தானே."

அன்று அவர்கள் அதற்குமேல் பேசவில்லை. அதற்குப் பிறகு வந்த மதியங்களில் இருவரும் படுத்தார்கள், இருவருக்கும் தூக்கம் வரவில்லை. ஒருவர் புரண்டால் மற்றவரும் புரண்டார். வடக்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் சின்னதாக மழை பெய்து, வீட்டைச் சுற்றிக் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது.

இடிக்கிற நாளன்று காலையிலேயே நகர் முழுக்கக் கரைமேல் வந்து கூடிவிட்டது. கரைமேல் இன்னும் மிச்சமிருந்த குடிசைக்காரர்கள் பாத்திரம் பண்டங்களைக் கட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிவப்புக் குறி போட்ட வீட்டில் ஆரம்பித்துக் கரைக்கு வருவதென்று ஏற்பாடு. பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்தினார்கள். பொக்லைன் வந்தது, ஆனால் கரையேறும்போது சகதியில் சக்கரம் மாட்டிக்கொண்டது. அதைக் கிளப்பிக் கொண்டுவருவதற்குள் சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. பெண் அதிகாரி ஒலிபெருக்கியில், "சாப்பிட்டுட்டு வந்து ஆரம்பிக்கலாம். சார், மேடம், நீங்களும் சாமானெல்லாம் எடுத்துக்கிட்டு வெளிய வந்துடுங்க" என்றாள். கூட்டம் வீட்டுக்குச் சாப்பிடப் போயிற்று. மழைக்கு முந்தின புழுக்கம். ஓர் இலை அசையவில்லை. பொக்லைன் டிரைவர் சாம்பார் சாதப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு, இயந்திரத்தின் நிழலிலேயே கையைத் தலைக்கு வைத்துப் படுத்தார். போலீஸ்காரர்கள் பனைமரத்தடியில் சாய்ந்தார்கள். அதிகாரி ஜீப்பில் துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டாள். மின்விசிறி ஓடாத வீடுகளில் ஜனங்கள் தரையில் உருண்டு, விசிறிக்கொண்டே கை ஓய்ந்து, ஒவ்வொருவராகக் கண்ணை மூடினார்கள். பஞ்சாட்சரத்தின் மருமகள் மெஷின் ஓடாததால் முதல்முறையாக மெஷின்மேலேயே தலைவைத்துத் தூங்கிப் போனாள்.

தெய்வநாயகமும் இந்திராணியும் சாமான் எதையும் எடுக்கவில்லை. சன்னலோரம் இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். "தயிர்சாதம் இருக்கு, சாப்பிடறீங்களா?" என்றாள். சாப்பிட்டார்கள். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சொல்வதற்குள் அவள் தலை மெதுவாகச் சரிந்து அவர் தோளில் விழுந்தது. இத்தனை நாள் வராத தூக்கம் ஒரேயடியாக வந்துவிட்டது.

தெய்வநாயகம் விழித்துக்கொண்டிருந்தார். இப்போது வழி கிடைத்துவிட்டது, தானும் தூங்கினால் போதும், இடிக்கிறவர்கள் எழுவதற்குள் வீடு ஊர்போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைத்துக் கண்ணை மூடப் போனபோதுதான், கரைமேல் ஏதோ எழும்புவதைப் பார்த்தார். ஞானப்பிரகாசம் வாத்தியாருடைய வீடு கரையேறி நின்றது. மேலே கொஞ்சம் இளைப்பாறியது. பிறகு, துளசிச் செடி ஆட, தாங்கலுக்குள் இறங்கியது. அதன் பின்னால் மாவு மில்காரர் வீடு. அதன் பின்னால் குப்புசாமி வீடு. தையல் மெஷின்களோடு பஞ்சாட்சரத்தின் மூன்று மாடி வீடு, இதுவரை நகர்ந்து பழக்கமில்லாததால் தயங்கித் தயங்கி. ஒன்றின் பின்னால் ஒன்றாக, முதல் குறுக்குத் தெருவும் இரண்டாம் குறுக்குத் தெருவும் மூன்றாம் குறுக்குத் தெருவும், ஓட்டு வீடும் மாடி வீடும் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியும், மேய்ச்சல் முடிந்து தண்ணீருக்கு வருகிற மந்தைபோல, அவசரமில்லாமல், ஓசையில்லாமல், தூங்குகிற பொக்லைனைச் சுற்றிக்கொண்டு, தூங்குகிற போலீஸ்காரர்களை மிதிக்காமல் விலகி, கரையேறி, கரையிறங்கி, கணுக்கால் தண்ணீரில் வந்து நின்றன. கரைமேல் இருந்த குடிசைகளும் கட்டிவைத்த மூட்டைகளோடும் மூட்டைமேல் சாய்ந்து தூங்கியவர்களோடும் எழுந்து இறங்கின. நாரைகள் தள்ளிப்போய் இடம்விட்டன.

கடைசியாகத் தேசம்மாவின் தகரக் கூரை வீடு வந்தது. அவள் வாசற்படியில், நிலையில் தலைசாய்த்து, கையில் கடித்த பச்சை மிளகாயோடு, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் கட்டிக் காத்த தூக்கம் அவளையும் ஏமாற்றிவிட்டது. அவள் வீடு நேராக இயந்திரம் நிற்கிற பக்கமாக வந்தது. தெய்வநாயகத்தின் மனை இப்போது காலியாக இருக்கும். அவருக்கு வேண்டியது அதுதான். ஆனாலும் அவளை எழுப்பிவிட வேண்டும் என்று ஏனோ அவருக்குத் தோன்றியது. அவளை மட்டுமா, எல்லோரையும்தான். ஒரு சத்தம் போட்டால் வீட்டுக்கு ஒருவர் விழித்துக்கொள்வார், எல்லாம் நின்ற இடத்தில் நின்றுவிடும், வீணாக ஊரே போய் உத்தரவுக்குள் மாட்டிக்கொள்ள வேண்டாம். ஊருக்கு என்ன ஆபத்தென்றாலும் முதல் சத்தம் போடுகிறவர் அவர்தான். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து வாயைத் திறந்தார்.

தோளில் இந்திராணி லேசாக அசைந்தாள். அவள் மூச்சு அவர் கழுத்தில் சூடாகப் பட்டது. கத்தினால் முதலில் விழிப்பவள் அவள்தான்.

தெய்வநாயகம் வாயை மூடிக்கொண்டார். இழுத்த மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டார். தோள் மரத்துப்போயிற்று, அப்படியே வைத்திருந்தார். தேசம்மாவின் வீடு இயந்திரத்தைத் தாண்டி வந்து, அவர் வீட்டுக்குப் பக்கத்தில், ஒரு கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் எப்போது தூங்கினார் என்று அவருக்கே தெரியாது.

ஒலிபெருக்கிச் சத்தத்தில்தான் கண் விழித்தார்கள். ஊரே விழித்துக்கொண்டிருந்தது. கதவுகள் திறந்தன, ஆட்கள் வெளியே கால் வைத்தார்கள், தண்ணீரில் கால் பட்டதும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். "ஐயோ, இன்னா இது, எல்லாரும் வந்துட்டீங்களா!" என்று தேசம்மா எழுந்து நின்று கத்தினாள். கரைக்கு அந்தப் பக்கம் வெறும் மதில்களும் கேட்டுகளும் கிணறுகளும் தெருவிளக்குகளும்தான் நின்றன.

அதிகாரி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்து தெய்வநாயகத்தின் வாசலுக்கு வந்தாள். முகத்தில் தூக்கம் இன்னும் கலையவில்லை.

"சார், இதில எது ஆக்கிரமிப்பு? நீங்களே காட்டுங்க."

தெய்வநாயகம் சுற்றிலும் பார்த்தார். "எல்லாமேதான் மேடம்" என்றார். "உத்தரவுல அப்படித்தானே இருக்கு? என் வீட்ல ஆரம்பிங்க, வரிசையா போலாம்."

டிரைவர், "ஒரு வீடு, கொஞ்சம் குடிசைன்னு சொல்லித்தானே கூட்டிவந்தீங்க? நான் ஊரை இடிக்க வரலை" என்று இயந்திரத்திலிருந்து இறங்கிவிட்டார். அவருக்குப் பின்னாலிருந்து ஒரு போலீஸ்காரர் தயங்கி, "மேடம், அந்தப் பச்சை பெயின்ட் அடிச்சது நம்ம வீடு. குழந்தை உள்ள தூங்குது" என்றார். அதிகாரி வெகுநேரம் தண்ணீரில் நின்றாள். பஞ்சாட்சரம் மூன்றாவது மாடியிலிருந்து ஏதோ கேட்டார், யார் காதிலும் விழவில்லை. பிறகு அவள், "மழை முடியட்டும், பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கரையேறிப் போனாள்.

அந்த ஐப்பசியில் அடைமழை பெய்தது, தண்ணீர் ஏற ஏற வீடுகளும் வாத்துபோல ஏறின, ஏகாம்பரத்தின் பரிசலில்தான் நகர் முழுக்க ரேஷனுக்குப் போய்வந்தது. தை பிறந்ததும் சில வீடுகள் தெருவுக்குத் திரும்பின, சில திரும்பவில்லை, திரும்பியவை பழைய இடத்துக்குப் போகவில்லை. கரைமேல் யார் இருக்கிறார்கள் என்று அதற்குப்பின் யாரும் மனு எழுதவில்லை, ஏனென்றால் நாளை மதியம் தன் வீடு எங்கே நிற்கும் என்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அதெல்லாம் பிறகு நடந்தது.

அன்று அதிகாரி போனதும் இந்திராணி சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். மதகு காலையில் இருந்த திசையிலேயே இருந்தது. தண்ணீருக்கு அடியில் தெரிந்த சேற்றில் அவர்கள் வீட்டைச் சுற்றி மட்டும் நகர்ந்த தடம் இல்லை.

"நம்ம வீடு நகரவே இல்லைங்க."

"இல்ல."

"நீங்க தூங்கலையா?"

"தூங்கினேனே. நல்லாத்தான் தூங்கினேன்."

"நானும்தான் தூங்கினேன். அப்புறம் ஏன் போகலை?"

"தெரியல." அவர் மரத்துப்போன தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "அதெல்லாம் வந்தப்போ நான் முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன். கத்தலாம்னு வாயைத் திறந்தேன்."

"ஏன் கத்தலை?"

"நீ தூங்கிட்டிருந்தே."

இந்திராணி, அன்று மதியம்தான் பக்கத்தில் வந்து நின்ற ஒரு வீட்டைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள்.